சமத்துப் பொட்டலம்

சிஞ்சூ நகரத்தின் படிக வளர்ப்பு உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓர் எக்ஸ்ரே கருவி இருக்கிறது. அதன் விலையைக் கேட்டால் நிதி மந்திரிக்கே தலை சுற்றும். அந்தக் கருவியின் உச்சியில் ஒரு சோளப்பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கிறது. அதன் விலைக்கு வாசல் கடையில் ஜவ்வரிசி மிதக்கும் ஒரு கோப்பை முத்து டீ கூடக் கிடைக்காது. கருவி பழுதானால் பொறியாளரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பொட்டலத்தைத்தான் விசாரிப்பார்கள்.

தைவானில் இதை யாரும் விநோதமாக நினைப்பதில்லை. வங்கியில், ஆஸ்பத்திரியில், ரயில் நிலையத்தில் என்று எங்கெல்லாம் இயந்திரம் இருக்கிறதோ அங்கெல்லாம் அந்தப் பச்சை உறைப் பொட்டலம் இருக்கும். அதன் பெயருக்குச் ‘சமத்து’ என்று அர்த்தம். அம்மா குழந்தையின் தலையைத் தடவிச் சொல்கிற அதே சமத்துதான். அதை வைத்தால் இயந்திரம் அடம் பிடிக்காது. உறை பச்சையாக இருக்க வேண்டும், காலாவதியாகி இருக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். பாதி வேடிக்கை, பாதி நம்பிக்கை; எது எவ்வளவு என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. அப்படியே விட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

இயக்குநர் தெங் விடவில்லை. அவர் ஒரு காலத்தில் வேதியியல் படித்தவர். குடுவையைத் தொட்டு வெகுகாலம் ஆயிற்று. இப்போது அவர் கை தொடுவது ஒலிபெருக்கியையும் ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலையும் மட்டும். யாரோ ஒரு மாணவன் விளையாட்டாகப் பொட்டலம் வைத்ததும், நின்றுபோயிருந்த பம்பு ஒன்று இருமிக்கொண்டே ஓடத் தொடங்கியதை அவர் நேரில் பார்த்துவிட்டார். அடுத்த நிதியாண்டிலேயே ‘கருவி ஒழுக்கப் பிரிவு’ என்று ஒன்று முளைத்தது. அதற்குத் தனித் தளம், தனி முத்திரை, தனி லிப்ட். தலைவராக வந்தவர் லுவோ. அதுவரை கார் நிறுத்துமிடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர். கோட்டைத் தாண்டி நிற்கும் எதையும் அவரால் மன்னிக்க முடியாது, அது காராக இருந்தாலும் மூலக்கூறாக இருந்தாலும்.

இந்த இடத்துக்குத்தான் ஜப்பானில் கனசாவாவிலிருந்து உசுய் தொமோயா வந்து சேர்ந்தான். நிரந்தர வேலைக்கும் நடுத்தெருவுக்கும் இடையில் உலகம் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் வேலை கிடைக்கும்வரை தேசம் தேசமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். ‘முனைவர் பட்ட மேலாய்வாளர்’ என்று அதற்கு மரியாதையான பெயர். உசுய்க்குக் கிடைத்த பெஞ்சுக்கு ஓர் ஆண்டு ஒப்பந்தம். ‘எழுபத்தொன்று’ என்று எண்ணால் அழைக்கப்படும் மருந்துப் பொருளை அவன் படிகமாக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் ஒப்பந்தம் நீளும். காட்டாவிட்டால் மனைவி சானயே, மகள் காஹோ, சோறாக்கும் குக்கர் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும்.

குக்கரைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. காஹோவைப் பற்றித்தான். வந்த புதிதில் மழலையர் பள்ளி வாசலில் தினமும் அழுதவள், இப்போது அப்பாவின் சீன உச்சரிப்பைத் திருத்துகிறாள். ஒரு தோழியைப் பிடித்திருக்கிறாள். இருவரும் ஒரே நிறத்தில் மழைக்காலணி போடுகிறார்கள். அவளை இன்னொரு தடவை வேரோடு பிடுங்க அவனுக்கு மனசே இல்லை.

வந்த வாரமே அவனுக்குப் பொட்டலப் பயிற்சி. லுவோ மேடை ஏறினார்.

“பொட்டலத்த ஏன் வைக்கிறோம்? கருவி நம்மள மதிக்கணும். அது எப்ப மதிக்கும்? நாம அத மதிச்சாத்தான். கார் நிறுத்துற எடத்துல இருந்தப்பவே நான் இதச் சொன்னேன். எவனும் கேக்கல. இன்னைக்கு பாருங்க, விஞ்ஞானிங்களே வந்து உக்காந்து கேக்கறீங்க.”

எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். உசுய் கையைத் தூக்கினான்.

“இதுக்கு ஆதாரம் எதாவது இருக்குங்களா?”

அரங்கத்தில் ஏசி இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அதன் தலையிலும் ஒரு பொட்டலம் இருந்தது. லுவோ கோபப்படவில்லை. அவனைப் பரிதாபமாகப் பார்த்துச் சிரித்தார்.

“நல்ல கேள்வி தம்பி. மறக்காம வச்சுக்குங்க. பயிற்சி முடியறப்ப கேக்கணும்னே தோணாது.”

ஆய்வகத்தில் அவனுக்குப் பக்கத்து மேசை ஜுவாங் அக்காவுடையது. ஆய்வகத்தின் சாமான்கள், சாவிகள், வம்பு எல்லாம் அவள் பொறுப்பு. வயதில் சிறியவர்கள் பெரியவர்கள் எல்லாருக்கும் அவள் அக்கா. இயக்குநரே அப்படித்தான் கூப்பிடுவார். தினமும் காலையில் “சாப்டியா?” என்று கேட்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள்.

எழுபத்தொன்று படிகமாகவில்லை. உசுய் சூடாக்கினான், ஆற வைத்தான், கரைப்பானை மாற்றினான். மற்றவர்களின் குடுவைகளில் படிகங்கள் கொட்டிக் கிடந்தன. அவனுடைய குடுவையில் மட்டும் பாகு, அதிரசத்துக்குக் காய்ச்சிய வெல்லப்பாகு போலக் கெட்டியாக, அசையாமல்.

“இன்னும் பாகுதானா?” என்றாள் ஜுவாங் அக்கா.

“பாகுதான் அக்கா.”

“பணியாரம் சுடலாமா?”

அவனுக்கு வைத்தியம் தெரியாமல் இல்லை. படிகம் பிடிக்க ஒரு பிடிமானம், ஒரு வித்து வேண்டும். தூசு, துரும்பு, பழைய படிகத்தின் பொடி என்று எதுவானாலும் சரி. எதுவும் இல்லையென்றால் கண்ணாடிக் கம்பியால் குடுவையின் உட்புறத்தைக் கரகரவென்று கீற வேண்டும். அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டு மூலக்கூறுகள் வரிசையில் நிற்கத் தொடங்கும். கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கே தெரிந்த வித்தை. இந்த ஆய்வகத்தில் தூசு இல்லை. காற்றையே வடிகட்டித்தான் உள்ளே விடுவார்கள். எனவே உசுய் கம்பியை எடுத்துக் கீறினான்.

மூன்றாவது கீறலுக்குள் லுவோ வந்துவிட்டார்.

“என்ன பண்றீங்க?”

“கீறறேன் சார். கீறினா படிகம் வரும்.”

“மிரட்டினா யாரும் வருவாங்க. வழிப்பறிக்காரன் கூட அப்படித்தான் பண்றான். நம்ம நிறுவனத்துல எந்தக் குடுவையையும் மிரட்டறதுக்கு அனுமதி கெடையாது.”

அன்று மாலையே நிறுவனம் முழுவதிலும் கண்ணாடிக் கம்பிகள் பறிமுதல் செய்யப்பட்டன. பதிலுக்கு ரப்பர் கம்பிகள் வந்தன. அவற்றால் கீற முடியாது, வருட மட்டும்தான் முடியும். அவன் கனசாவாவிலிருந்து பேனாப் பெட்டியில் கொண்டுவந்த சொந்தக் கம்பி ஒன்று மட்டும் தப்பியது. அதை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வாராந்திரக் கூட்டத்தில் எழுபத்தொன்று தனி விவாதப் பொருளாயிற்று. உசுய் வரைபடங்களோடு எழுந்தான். இயக்குநர் தெங் கையமர்த்தினார்.

“வரைபடம் கெடக்கட்டும். குடுவ பக்கத்துல வச்ச பொட்டலத்தோட முகம் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“சுவத்துப் பக்கம் சார்.”

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. ஒருவர் தலையிலேயே கை வைத்துக்கொண்டார்.

“நீங்க வெளியூர்க்காரர். உங்களக் குத்தம் சொல்லல,” என்றார் தெங். “ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் இந்த நாற்காலில முகத்த சுவத்துப் பக்கம் திருப்பி உக்காந்தா இந்த நிறுவனம் ஓடுமா?”

ஓடும் என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். ஜுவாங் அக்கா மட்டும் இருமினாள்.

முகம் திருப்பி வைக்கப்பட்டது. பாகு அசையவில்லை. பொட்டலம் தனிமையில் வாடுகிறது என்று ஒழுக்கப் பிரிவு கருதியது. துணைக்கு இன்னொன்று வந்தது. பாகு அசையவில்லை. இரண்டும் பேசிக்கொண்டே இருப்பதால் வேலை கெடுகிறது என்று நடுவில் அட்டைத் தடுப்பு வந்தது. கடைசியில் குடுவைக்கு முன்னால் நின்று உசுய் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவன் ஜப்பானியன், வருத்தம் தெரிவிப்பதில் அவனுக்கு ஈடு கிடையாது. இடுப்பு வரை வளைந்து நெடுநேரம் நின்றான். லுவோவுக்கே கண் கலங்கிவிட்டது. பாகு கலங்கவில்லை.

“என்ன ஒரு நெஞ்சழுத்தம் பாரு,” என்றாள் ஜுவாங் அக்கா குடுவையைப் பார்த்து.

ஒப்பந்தம் முடியும் மாதத்தில் அமைச்சகத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாக அறிவிப்பு வந்தது. இயக்குநர் எல்லாரையும் கூட்டிப் பேசினார்.

“போன தடவ வந்த குழு ஒரு கேள்வி கேட்டுச்சு. இந்த நிறுவனம் என்ன கண்டுபிடிச்சிருக்குன்னு. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. இவ்வளவு ஒழுங்கா இருக்கற ஒரு எடத்துல வந்து கேக்கற கேள்வியா அது? இந்தத் தடவ அப்படிக் கேக்க அவங்களுக்கு நேரமே இருக்கக் கூடாது. விருந்து நீளமா இருக்கட்டும்.”

பிறகு உசுய் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அவங்க வர்ற அன்னைக்கு நீங்க காலையிலேர்ந்து குடுவ பக்கத்த விட்டு நகரக் கூடாது. குழு எப்ப வேணா வரும். படிகம் வரலன்னா பரவால்ல, ஆள் நிக்கணும். உங்க ஒப்பந்தத்தப் பத்தி சாயங்காலம் பேசிக்கலாம்.”

சாயங்காலம் பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உசுய்க்குப் புரிந்தது. சானயே ஏற்கெனவே மூட்டை கட்ட அட்டைப் பெட்டிகள் வாங்கி வைத்திருந்தாள். காஹோ அவற்றில் வீடு கட்டி விளையாடினாள்.

குழு வரும் நாளில் அவன் விடிந்ததும் வந்து நின்றான். லுவோ வந்து குடுவையருகில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். காலாவதித் தேதி நெருங்கியிருந்தது. அதைப் பயபக்தியோடு இரு கைகளாலும் எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார்.

“இவரு ஓய்வு பெறுறாரு. புதுசு கொண்டாரேன்,” என்று போனவர், விருந்து மண்டப வாசலில் குழுவின் கார்களைக் கோட்டுக்குள் நிறுத்தவைக்கும் பழைய ஆசையில் சிக்கிக்கொண்டார்.

மணி பன்னிரண்டு ஆயிற்று. விளக்குகள் அணைந்தன. மதியச் சாப்பாடு முடிந்ததும் நிறுவனம் முழுவதும் மேசையில் தலைவைத்துத் தூங்குவது வழக்கம். ஜுவாங் அக்கா தன் குட்டித் தலையணையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். திரை வழியே வந்த வெளிச்சத்தில் உசுய் மட்டும் நின்றான். அவன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. விருந்து மண்டபத்திலிருந்து இறைச்சி உருண்டை சூப்பின் வாசனை வந்தது. வயிறு கூப்பாடு போட்டது.

மேசை ஓரத்தில் ஓய்வு பெற்ற பொட்டலம் இருந்தது.

இங்கேதான் அவன் ஒரு தப்பு செய்தான். அது கனசாவாக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவன் வீட்டில் சாமி மாடத்தில் வைத்த சோற்றையும் அரிசிக் கொழுக்கட்டையையும் பிறகு இறக்கிச் சாப்பிடுவார்கள். இறக்கியது பிரசாதம். அதைச் சாப்பிடாமல் தூக்கிப் போடுவதுதான் சாமிக்குச் செய்யும் அவமரியாதை. பொட்டலத்தையோ பெரியவர் ஒருவர் இரண்டு கையாலும் இறக்கியாயிற்று. உசுய் அதைக் கும்பிட்டான், பிரித்தான், சாப்பிட்டான்.

மொறுமொறு என்ற சத்தம் தூங்குகிற ஆய்வகம் முழுக்கக் கேட்டது. தேங்காய் வாசனையோடு நன்றாகத்தான் இருந்தது. குடுவையைத் திறந்து கரைப்பான் சொட்டு விட்டுக்கொண்டே தின்றான். அவசரத்தில் ஒரு பொரி கடவாயில் உடைந்து, அதன் துகள் குடுவைக்குள் விழுந்தது.

அவனுக்கு உயிரே போய்விட்டது. துகளை எடுக்க ரப்பர் கம்பியைத் தேடினான். திரும்பிப் பார்ப்பதற்குள் துகளைச் சுற்றிப் பால் திரிந்தது போல வெண்மை கட்டியது. அந்த வெண்மையிலிருந்து ஊசி ஊசியாய் ஏதோ கிளம்பியது. ஊசிகள் கிளை விட்டன. கொஞ்ச நேரத்தில் குடுவை முழுக்கப் பளபளவென்று கொட்டித் தீர்த்துவிட்டது.

உசுய் வாயில் பொரியோடு அழுதான். காஹோவின் மழைக்காலணிதான் அவன் நினைவுக்கு வந்தது.

“அக்கா, எந்திரிங்க. வந்துருச்சு.”

“யாரு, குழுவா?” என்று அலறி எழுந்தாள் ஜுவாங் அக்கா.

இரண்டுமே வந்திருந்தன. விளக்கு எரிந்தது. வாசலில் மதிப்பீட்டுக் குழு ஏப்பம் விட்டபடி நின்றது. முன்னால் தெங், பக்கத்தில் கையில் புதுப் பொட்டலத்தோடு லுவோ. எல்லாரும் குடுவையைப் பார்த்தார்கள். பிறகு உசுயின் விரல்களில் ஒட்டியிருந்த பொரித்தூளைப் பார்த்தார்கள்.

“தின்னுட்டான்,” என்றார் லுவோ. குரலே எழும்பவில்லை. “சார், அவரத் தின்னுட்டான்.”

குழுவின் தலைவி, கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மாள், குடுவையருகில் போனார். “இதானே வராதுன்னு சொன்ன படிகம்? எப்படி வந்துச்சு?”

உசுய்க்குப் பொய் வராது. “பொரித் துகள் உள்ள விழுந்துருச்சுங்க. அது பிடிமானமா அமைஞ்சு படிகம் பிடிச்சுருச்சு. எந்தத் தூசு விழுந்திருந்தாலும் வந்திருக்கலாம். கீறியிருந்தாலும் வந்திருக்கும்.”

இயக்குநர் தெங் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைக் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே பேசத் தொடங்கிவிட்டார்.

“பாத்தீங்களா அம்மா? பொட்டலத்தால பலன் உண்டான்னு கேக்கறவங்க உண்டு. இன்னைக்கு உங்க கண்ணு முன்னால பலன் குடுத்திருக்கு. வெளிய இருந்து குடுத்துதா, உள்ள போயிக் குடுத்துதாங்கறதெல்லாம் சின்ன விஷயம். நானும் சின்ன விஷயத்துல தலையிடறதில்ல. அதனாலதான் இத்தன வருஷமா இந்தப் பதவில இருக்கேன்.”

“ஆனா பிரிச்சது குத்தம் சார்,” என்றார் லுவோ. “தின்னது பெருங்குத்தம். இந்தப் படிகமே சட்ட விரோதமாப் பொறந்தது. இத எக்ஸ்ரே அறைக்குள்ள எப்படி விடறது?”

விசாரணை நடந்தது. சிக்கல் இதுதான்: பொட்டலத்தைத் தின்றவனை வேலையைவிட்டு நீக்க வேண்டும், படிகம் கொண்டுவந்தவனுக்கு ஒப்பந்தம் நீட்டிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆள். லுவோ பாதி ஆளை நீக்க முடியுமா என்று சட்ட ஆலோசகரைக் கேட்டுப் பார்த்தார். அமைச்சகத்து அம்மாள், சாப்பிட்டது பொட்டலம் ஓய்வு பெற்ற பிறகுதானே, பணியிலிருக்கும்போது இல்லையே என்று எடுத்துக் கொடுத்தார். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

சாயங்காலம் தெங் உசுயைக் கூப்பிட்டார்.

“உங்க ஒப்பந்தம் நீட்டியாச்சு. நிரந்தரமாவே ஆக்கிட்டோம். ஆனா வேல கொஞ்சம் மாறுது. இனிமே நீங்கதான் நிறுவனத்தோட வித்துப்பொரி அலுவலர்.”

“என்ன வேலைங்க சார் அது?”

“திங்கறது.”

எங்கெல்லாம் குடுவை அடம் பிடிக்கிறதோ அங்கெல்லாம் போய், ஓய்வு பெற்ற பொட்டலத்தை முறைப்படி இறக்கி, குடுவைமேல் குனிந்து, வாயைத் திறந்து வைத்து மெல்ல வேண்டும். நிரந்தர வேலை என்ற சொல்லை உசுய் அதற்கு முன் தன் காதால் கேட்டதில்லை. அவன் சரி என்றான். அன்று அட்டைப் பெட்டிகளைக் குப்பைக்குப் போடும்போது காஹோ தன் வீட்டை இடித்துவிட்டார்கள் என்று அழுதாள். அவனும் சானயேவும் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள்.

மழலையர் பள்ளியில் அப்பாவின் தொழிலைச் சொல்லச் சொன்னார்கள். “எங்கப்பா ஆபீஸ்ல பொரி திங்கறாரு,” என்றாள் காஹோ. எல்லாக் குழந்தைகளும் தங்கள் அப்பாக்களை நினைத்து வெட்கப்பட்டன.

கொஞ்ச காலம் துகள் வேலை செய்தது. பிறகு ஒரு குடுவை அசையவில்லை. உசுய் ஒரு பொட்டலம் தின்றான், இரண்டு தின்றான், பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு மூன்றாவதையும் தின்றான். பாகு பாகாகவே இருந்தது. லுவோ வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உசுய்க்கு வேர்த்தது. அட்டைப் பெட்டிகளை இனி எங்கே போய் வாங்குவது?

மதியம் விளக்கு அணைந்தது. அவன் பேனாப் பெட்டியிலிருந்து கனசாவாக் கம்பியை எடுத்தான். கரகரவென்று கீறினான். படிகம் கொட்டியது. உடனே ஒரு பொரியை நொறுக்கி மேலே தூவினான்.

பக்கத்து மேசையில் ஜுவாங் அக்கா தலையணையிலிருந்து ஒரு கண்ணைத் திறந்திருந்தாள்.

“அக்கா…”

“நான் எதையும் பாக்கல தம்பி. நீயும் எதையும் கீறல,” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு முறையும் முதலில் கீறினான், பிறகு தின்றான். ஒரு குடுவையும் தப்பவில்லை. அவன் புகழ் தைச்சோங் நகரம் வரை பரவியது. நடுநடுவே, கீறினால் வரும் என்று அன்று குழுவிடம் தான் சொன்னது நினைவுக்கு வந்து தொண்டையில் பொரி அடைக்கும். தண்ணீர் குடித்துச் சரிசெய்துகொள்வான்.

வசந்தத்தில் புதிய ஆட்களுக்குப் பயிற்சி. லுவோ ஓய்வு பெற்றுவிட்டார். அவரையும் இரு கைகளாலும் பிடித்து மேடையிலிருந்து இறக்கினார்கள். அவருக்குப் பதில் உசுய் மேடை ஏறினான். பச்சை நிறம், முகம் இருக்க வேண்டிய திசை, மிரட்டக் கூடாத காரணம் எல்லாம் சொன்னான். முன்வரிசையில் கொரியாவின் பூசானிலிருந்து ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த ஓக் மின்-சொல் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைத் தூக்கினாள்.

“சார், இதுக்கு ஆதாரம் எதாவது இருக்குங்களா?”

ஏசி இயந்திரத்தின் சத்தம் கேட்டது. உசுய் அவளைப் பார்த்தான். சட்டைப் பையில் கண்ணாடிக் கம்பி நெஞ்சில் குத்தியது. அதை எடுத்து அவள் கையில் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். அவன் வாய் திறந்தபோது வந்தது வேறு.

“நல்ல கேள்விம்மா,” என்றான். “மறக்காம வச்சுக்குங்க. பயிற்சி முடியறப்ப கேக்கணும்னே தோணாது.”